தங்கைக்காகக் கட்டிய ஆஸ்பத்திரி

1923-ஆம் ஆண்டு.

சென்னையில் ஒரு குடும்பம். கணவன், மனைவி இருவரும் டாக்டர்கள். கணவர் சீமையில் படித்துத் தேறிய அறுவைச் சிகிச்சை நிபுணர். மனைவி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வைத்தியம் பார்ப்பதில் பெயர் வாங்கியவர்.

அந்த அம்மாளின் தங்கை சுந்தராம்பாள் நோயில் விழுந்தாள். சீதமும் ரத்தமுமாகப் போயிற்று. சீதபேதி என்றார்கள். சீதபேதிக்கு மருந்து கொடுத்தார்கள். நோய் நிற்கவில்லை. உடம்பு நாளுக்கு நாள் இளைத்தது.

கடைசியில்தான் உண்மை தெரிந்தது. அது சீதபேதி அல்ல. மலக்குடலில் புற்றுநோய்!

தெரிந்தபோது காலம் கடந்து விட்டது. அறுத்து எடுக்கும் கட்டத்தை நோய் தாண்டி விட்டது.

வீட்டில் ஒருவருக்கு இருவராக டாக்டர்கள் இருந்தும் என்ன பயன்? எத்தனையோ வீட்டுப் பெண்களைப் பிழைக்க வைத்த அக்காள், சொந்தத் தங்கையின் கட்டிலுக்குப் பக்கத்தில் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். வலியால் துடிப்பவளைப் பிடித்துக்கொள்ள முடிந்தது. பக்கத்தில் இருக்க முடிந்தது. பிழைக்க வைக்க மட்டும் முடியவில்லை.

அந்த ஆண்டிலேயே தங்கை இறந்து போனாள்.

அந்த அக்காள்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தமிழ்நாட்டில் கர்ப்பமாக இருக்கும் ஏழைப் பெண்களைக் கேட்டால் இந்தப் பெயரைச் சொல்வார்கள். சர்க்கார் கொடுக்கும் மகப்பேறு உதவித் திட்டத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். பெயர் தெரிந்த அளவுக்கு அவருடைய கதை எல்லோருக்கும் தெரியாது.

டாக்டர்களே ஏமாறும் நோய்

புற்றுநோயைச் சீதபேதி என்று எப்படி நினைத்தார்கள் என்று தோன்றலாம். அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

மலக்குடல் என்பது பெருங்குடலின் கடைசிப் பகுதி. அங்கே கட்டி வளர்ந்தால் மேல் தோல் புண்ணாகும். ரத்தமும் சளியும் கசியும். அடிக்கடி வெளிக்குப் போக வேண்டும் போல இருக்கும். போனால் ஒன்றும் இராது. சீதபேதியிலும் இதேதான் நடக்கும். நல்ல குடிதண்ணீர் இல்லாத அந்தக் காலத்தில் சீதபேதி வீட்டுக்கு வீடு வந்து போகிற வியாதி. பத்துப் பேருக்கு ரத்தம் போனால் ஒன்பது பேருக்கு அதுதான் காரணமாக இருக்கும் என்று நினைப்பது இயல்பு.

ஆனால் சீதபேதி மருந்து கொடுத்தால் அடங்கி விடும். கட்டி அடங்காது. விரலை விட்டுச் சோதித்துப் பார்த்தாலே மலக்குடல் கட்டிகளில் பலவற்றைக் கண்டுபிடித்து விடலாம். இந்தச் சோதனைக்கு எந்தப் பெண் ஒப்புக்கொள்வாள்? வெட்கம்! இன்றைக்கும் இந்த வெட்கத்தால் நாள் கடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். மூலம் என்று தாங்களே தீர்மானித்துக்கொண்டு மாதக்கணக்கில் கை வைத்தியம் செய்துகொள்கிறார்கள்.

ஆண்கள் கல்லூரியில் ஒரு பெண்

முத்துலட்சுமி 1886-ஆம் ஆண்டு ஜூலை 30-ந் தேதி புதுக்கோட்டையில் பிறந்தார். புதுக்கோட்டை அப்போது தனி சமஸ்தானம். தொண்டைமான் மன்னர்கள் ஆண்டு வந்தார்கள்.

தகப்பனார் நாராயணசாமி அய்யர், மகாராஜா கல்லூரியின் தலைவர். தாயார் சந்திரம்மாள், இசை வேளாளர் குலத்தில் பிறந்தவர். சாதி மாறிச் செய்துகொண்ட இந்தக் கலியாணத்தால் நாராயணசாமி அய்யரை அவருடைய உறவினர்கள் ஒதுக்கி வைத்தார்கள். ஒதுக்கப்பட்ட வீட்டுப் பிள்ளை என்பது என்ன என்பதை முத்துலட்சுமி சின்ன வயதிலேயே அறிந்துகொண்டார்.

(திரைப்பட நடிகர் ஜெமினி கணேசன் இந்த நாராயணசாமி அய்யரின் பேரன். முத்துலட்சுமி அவருக்கு அத்தை.)

பெண் வயதுக்கு வந்ததும் பள்ளிக்கூடம் நின்றது. அது அந்தக் கால வழக்கம். தகப்பனார் விடவில்லை. வீட்டிலேயே பாடம் நடந்தது. மெட்ரிகுலேஷன் பரீட்சையில் முத்துலட்சுமி தேறினார்.

அடுத்தது கல்லூரி. புதுக்கோட்டையில் இருந்ததோ ஆண்கள் கல்லூரி. அதில் ஒரு பெண்ணைச் சேர்ப்பதா? சேர்த்தால் எங்கள் பையன்கள் கெட்டுப் போவார்கள் என்று பெற்றோர்கள் கூச்சல் போட்டார்கள். அதோடு தாயாரின் குலத்தையும் இழுத்தார்கள். மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் துணிந்து உத்தரவு போட்டார். முத்துலட்சுமி கல்லூரியில் சேர்ந்தார்.

1907-ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது. சிறு வயதிலிருந்தே நோஞ்சான் உடம்பு. அந்த உடம்போடு படித்து, பரிசுகளும் வாங்கி, 1912-ஆம் ஆண்டு டாக்டர் ஆனார். எழும்பூரில் உள்ள பெண்கள், குழந்தைகள் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார். அங்கே ஹவுஸ் சர்ஜன் வேலை பார்த்த முதல் இந்தியப் பெண் அவர்தான்.

1914-ஆம் ஆண்டு டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். கலியாணத்துக்கு முன் ஒரு நிபந்தனை போட்டார். தம்மைச் சமமாக நடத்த வேண்டும். தம் விருப்பத்துக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்றார். மாப்பிள்ளை ஒப்புக்கொண்டார். சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தார். மனைவி பிற்காலத்தில் ஏற்றுக்கொண்ட வேலைகளையெல்லாம் பார்த்தால், அந்த வாக்கு எவ்வளவு பெரியது என்பது தெரியும்.

லண்டனில் பார்த்த ஆஸ்பத்திரி

வீட்டில் ஒருவர் நீண்ட நாள் நோயில் கிடந்து இறந்தால், பார்த்துக்கொண்டவருக்கு ஒரு வேதனை மிச்சம் இருக்கும். இன்னும் முன்னாலேயே பார்த்திருக்கலாமே, வேறு டாக்டரிடம் காட்டியிருக்கலாமே என்று மனம் அடித்துக்கொள்ளும். காலம் போகப் போக அது மரத்துப் போகும். முத்துலட்சுமிக்கு மரத்துப் போகவில்லை. அவர் டாக்டர் ஆயிற்றே! மற்றவர்கள் விதி என்று சொல்லித் தேற்றிக்கொள்ளலாம். சீக்கிரம் கண்டுபிடித்திருந்தால் வேறு விதமாக முடிந்திருக்கலாம் என்பது அவருக்குத் தெரியும்.

1925-ஆம் ஆண்டு பெண்கள், குழந்தைகள் வைத்தியத்தில் மேல் பயிற்சி பெறுவதற்காக இங்கிலாந்துக்குப் போனார். போன இடத்தில் புற்றுநோய்க்கென்றே தனியாக நடந்து வந்த ஓர் ஆஸ்பத்திரியையும் தேடிப் போனார். பின்னாளில் ராயல் மார்ஸ்டன் என்று பெயர் பெற்ற ஆஸ்பத்திரி அது.

அந்த ஆஸ்பத்திரிக்கும் ஒரு கதை உண்டு. வில்லியம் மார்ஸ்டன் என்ற லண்டன் டாக்டரின் மனைவி 1846-ஆம் ஆண்டு புற்றுநோயால் இறந்தார். டாக்டரால் காப்பாற்ற முடியவில்லை. இந்த நோயைப் பற்றி டாக்டர்களுக்கே ஒன்றும் தெரியவில்லை என்பதைக் கண்டு, அதைப் படிப்பதற்கும் ஏழைகளுக்கு இலவசமாகச் சிகிச்சை கொடுப்பதற்கும் 1851-ஆம் ஆண்டு அவர் அந்த ஆஸ்பத்திரியைத் தொடங்கினார்.

அங்கே மனைவியை இழந்த டாக்டர். இங்கே தங்கையை இழந்த டாக்டர்.

மார்ஸ்டனுக்கு 5 ஆண்டுகளில் காரியம் கைகூடியது. முத்துலட்சுமிக்கு எத்தனை ஆண்டு ஆயிற்று என்பதைப் பின்னால் பார்க்கலாம்.

வழியில் வந்த வேலைகள்

சென்னைக்குத் திரும்பினார். வேறு வேலை காத்திருந்தது.

அவரைச் சென்னைச் சட்டசபைக்கு நியமித்தார்கள். வைத்தியத் தொழில் கெட்டுப் போகுமே என்று முதலில் தயங்கினார். பிறகு ஏற்றார். 1927-ஆம் ஆண்டு சட்டசபையின் உபதலைவராக ஒரு மனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆண்கள் மட்டுமே உட்கார்ந்திருந்த சபையில் ஒரு பெண்மணி!

கோயில்களில் சிறு பெண்களைப் பொட்டுக் கட்டித் தேவதாசிகளாக்கும் வழக்கத்தை ஒழிக்கப் போராடினார். 1929-ஆம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. முழுத் தடைச் சட்டம் வருவதற்கு 1947 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தப் போராட்டத்தைத் தனிப் புத்தகமாகவே எழுதலாம். 1930-ஆம் ஆண்டு காந்தியடிகள் கைது செய்யப்பட்டதும் சட்டசபைப் பதவியை உதறி எறிந்தார்.

அந்தச் சமயத்தில் நடந்த ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும். பொட்டுக் கட்டும் வழக்கத்திலிருந்து தப்பி வந்த சில சிறுமிகள் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். படிக்க ஆசைப்பட்டு விடுதிகளுக்குப் போன அவர்களை, பிறப்பைக் காரணம் காட்டிச் சேர்க்க மறுத்து விட்டார்கள். போக்கிடம் இல்லை.

முத்துலட்சுமி கதவைத் திறந்தார். தம் வீட்டிலேயே இடம் கொடுத்தார். அதுவே பிறகு ‘அவ்வை இல்லம்’ ஆயிற்று. ஆதரவற்ற பெண்கள் சாதி வித்தியாசம் இல்லாமல் தங்கினார்கள், படித்தார்கள். இல்லம் பின்னர் அடையாற்றுக்கு மாறி வளர்ந்தது.

சட்டசபையில் பேசுவது ஒன்று. வாசலில் வந்து நிற்கும் பெண்ணை உள்ளே அழைத்துச் சோறு போடுவது வேறொன்று. முதலாவதைச் செய்கிற பலருக்கு இரண்டாவது வராது. அம்மையாருக்கு இரண்டும் வந்தது.

சாகப் போகிறவர்களுக்கு எதற்கு?

தங்கையின் நினைவு போகவில்லை.

1935-ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழா நடந்தது. அதில் முத்துலட்சுமி பேசினார். விழா மேடையில் பழம்பெருமை பேசுவதுதானே வழக்கம்? அவர் அதோடு நிறுத்தவில்லை. புற்றுநோய்க்கென்று சென்னையில் ஒரு தனி ஆஸ்பத்திரி வேண்டும் என்றார். கேட்டவர்கள் கை தட்டினார்கள். ஆஸ்பத்திரி வரவில்லை.

சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்-ரே, ரேடியம் சிகிச்சைக்கு ஒரு பிரிவு அப்போது வந்திருந்தது. ஆனால் புற்றுநோயாளிகளை மட்டும் வைத்துப் பார்க்கும் தனி இடம் தென்னாட்டில் இல்லை. 1941-ஆம் ஆண்டு பம்பாயில் டாட்டா ஆஸ்பத்திரி தொடங்கியது. மதுரையிலோ திருநெல்வேலியிலோ இருக்கும் ஓர் ஏழை, நோயாளியைத் தூக்கிக்கொண்டு பம்பாய்க்குப் போக முடியுமா?

யுத்தம் வந்தது, போயிற்று. சுதந்திரம் வந்தது. அம்மையாருக்கு 60 வயது தாண்டி விட்டது. இனிச் சர்க்காரை மட்டும் நம்பிப் பயன் இல்லை என்று தெரிந்தது. 1949-ஆம் ஆண்டு இந்திய மாதர் சங்கத்தின் மூலம் புற்றுநோய் நிவாரண நிதியைத் தொடங்கினார். சட்டசபையில் உபதலைவராக உட்கார்ந்தவர், பொதுமக்களிடம் போய்க் கை நீட்டினார்.

அப்போது அவர் கேட்க வேண்டியிருந்த வார்த்தை கொடியது. புற்றுநோய் வந்தவர்கள் எப்படியும் சாகப் போகிறவர்கள். அவர்களுக்கு எதற்கு ஓர் ஆஸ்பத்திரி என்று அதிகாரத்தில் இருந்தவர்களே கேட்டார்கள்.

அவர்கள் அப்படி நினைத்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் நோய் முற்றிய பிறகே வந்தார்கள். முற்றிய பிறகு வந்ததால் இறந்தார்கள். இறந்ததைப் பார்த்த மற்றவர்கள் பயந்துபோய் இன்னும் தாமதமாக வந்தார்கள். இந்தச் சுழலில்தான் சுந்தராம்பாளும் போனாள்.

பெண்களின் நிலைமை இன்னும் மோசம். கருப்பை வாயில் வரும் புற்றுநோய் இந்தப் பக்கத்துப் பெண்களிடம் மிக அதிகமாக இருந்தது. வேளை கெட்ட வேளையில் உதிரம் படும், வெள்ளைப்படும். கணவனிடம் கூடச் சொல்ல மாட்டார்கள். மார்பில் கட்டி வந்தால் முந்தானையால் மூடிக்கொள்வார்கள். வெற்றிலையோடு புகையிலை போட்டு வாயில் புண் வந்தால், சூடு என்று சொல்லி நல்லெண்ணெய் கொப்பளிப்பார்கள். இந்த மூன்று நோய்களையுமே ஆரம்பத்தில் கண்டால் குணப்படுத்தலாம்.

தெரிந்த பிறகும் துன்பம் தீராது. புற்றுநோய் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து தட்டையும் டம்ளரையும் தனியே வைப்பார்கள். திண்ணையில் படுக்கை போடுவார்கள். உறவினர்கள் தூர நின்று விசாரித்து விட்டுப் போவார்கள். புற்றுநோய் தொட்டால் ஒட்டுகிற நோய் அல்ல. பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டால் யாருக்கும் வராது. தங்கைக்கு அதைத்தான் செய்தார் முத்துலட்சுமி. அதற்குக் கூட ஆள் இல்லாதவர்கள் எத்தனை பேர்!

12 படுக்கைகள்

அம்மையார் விடவில்லை. பணம் சிறுகச் சிறுகச் சேர்ந்தது. அடையாற்றில் இடம் கிடைத்தது.

1952-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ந் தேதி பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ஆம் ஆண்டு ஜூன் 18-ந் தேதி ஆஸ்பத்திரி வேலை தொடங்கியது. ஒரு சிறிய கட்டடம். படுக்கைகள் 12. டாக்டர்களையும் நர்சுகளையும் ஒரு கை விரல்களால் எண்ணி விடலாம்.

தங்கை இறந்து 31 ஆண்டுகள் ஆகியிருந்தன. அக்காளுக்கு 68 வயது நடந்து கொண்டிருந்தது.

கட்டடம் வந்து விட்டது. டாக்டர்கள் வேண்டுமே! சாகப் போகிறவர்களின் ஆஸ்பத்திரி என்று பெயர் வாங்கிய இடத்துக்கு எந்த டாக்டர் வருவார்? சம்பளமோ சொற்பம். வெளியே தொழில் செய்தால் கை நிறையக் கிடைக்கும்.

முதலில் வந்தவர் அம்மையாரின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி. வெளிநாடு சென்று புற்றுநோய்ச் சிகிச்சையில் பயிற்சி பெற்றவர். அடுத்த ஆண்டு, 1955 ஏப்ரலில், ஓர் இளம் பெண் டாக்டர் வந்து சேர்ந்தார். அவருக்குப் பப்ளிக் சர்வீஸ் கமிஷன் மூலம் எழும்பூர் பெண்கள் ஆஸ்பத்திரியில் சர்க்கார் வேலை கிடைத்திருந்தது. அதை வேண்டாம் என்று சொல்லி விட்டு வந்தார். வீட்டாரும் நண்பர்களும் திகைத்துப் போனார்கள். அவர்தான் டாக்டர் சாந்தா. விஞ்ஞானி சர் சி.வி.ராமனின் குடும்பத்தைச் சேர்ந்தவர். ஆஸ்பத்திரி வளாகத்திலேயே குடியிருந்தார். அன்று தொடங்கி 2021-ஆம் ஆண்டு ஜனவரியில் 93-வது வயதில் காலமாகும் வரை அவருக்கு அதுவே வீடு.

நோயாளிகள் வந்தார்கள். துணைக்கு ஒருவரும் வருவார். தாயார், அக்காள், மகள், மருமகள் என்று யாராவது ஒருவர், இரவெல்லாம் கட்டிலுக்குப் பக்கத்தில் கண் விழித்து உட்கார்ந்திருப்பார். முத்துலட்சுமிக்கு அந்த இடம் தெரியும். அவரும் அங்கே உட்கார்ந்தவர்தானே! பணம் கொடுக்க முடியாதவர்களுக்கும் அங்கே சிகிச்சை உண்டு என்பது முதலிலிருந்தே ஏற்பாடு. எல்லோரையும் அங்கே பிழைக்க வைத்து விட்டார்கள் என்று சொல்ல முடியாது. பலர் இறந்தார்கள். ஆனால் குணமாகி, எழுந்து நடந்து, ஊருக்குத் திரும்பிப் போனவர்களும் இருந்தார்கள். புற்றுநோய் வந்தவள் திரும்பி வந்து விட்டாள் என்று ஊர் பேசியது. சுழல் அங்கேதான் உடைந்தது. அடுத்த வீட்டுப் பெண் கொஞ்சம் முன்னாலேயே புறப்பட்டு வந்தாள்.

1956-ஆம் ஆண்டு சர்க்கார் அம்மையாருக்குப் பத்மபூஷண் விருது அளித்தது. 1968-ஆம் ஆண்டு ஜூலை 22-ந் தேதி அவர் காலமானார். 82 வயது நிறைவதற்கு எட்டு நாட்கள்தான் பாக்கி.

12 படுக்கைகளோடு தொடங்கிய இடத்தில் இன்று 500-க்கும் மேற்பட்ட படுக்கைகள் இருக்கின்றன. வேறு மாநிலங்களிலிருந்தும் நோயாளிகள் ரயிலேறி வருகிறார்கள். அடையாறு ஆஸ்பத்திரி என்று சொன்னாலே ஆட்டோக்காரருக்கு வழி தெரியும்.

டாக்டர் கிருஷ்ணமூர்த்தி 2010-ஆம் ஆண்டு, 90 வயதில் காலமானார். அந்த ஆஸ்பத்திரியில் அறுவைச் சிகிச்சையும் கதிர்வீச்சுச் சிகிச்சையும் வேரூன்றி வளர்ந்தது அவர் கையால்தான். 1923-ஆம் ஆண்டு அம்மா தம் தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்து கண் விழித்த நாட்களில், அவர் அந்த வீட்டுச் சின்னக் குழந்தை. இறந்து போனது அவருடைய சித்தி.